காடினியா கிடக்கு

யூட் வாயைத் திறப்பது பாண் கடிக்க மட்டும்தான் என்று அவனுடைய அக்கா றோசா சொல்வாள். அக்காமார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தப் பேச்சில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. குறிஞ்சிப்பிட்டியில் அவனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் பேதுருவே, "இவன் இவ்வளவு காலமும் கதைச்சதைச் சேத்தா ஒரு கிழமைக்கும் காணாது" என்று சிரிப்பான். அப்படிப்பட்ட மனிதன் பின்னேரம் ஆனதும் ஒரு பூச்சாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுப் பின்கோடியிலிருந்து வீதி ஓரம் வரைக்கும் நடந்து போனால் ஊர் சும்மா இருக்குமா? "யூட் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோறான்" என்று பகிடி பண்ணியது. கல்யாணம் கட்டி இத்தனை வருடமாகியும் பிள்ளை இல்லாதவனிடம் செய்கிற பகிடியா அது என்று ஊருக்கு உறைக்கவில்லை. அவனும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் சின்னதுதான். வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. வீதி ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றால்தான் வீடியோ கோலில் முகம் தெளிவாகத் தெரியும். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிற அவன் மனைவி இசபெல், மேடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்கிற நேரம் பார்த்துக் கோல் எடுப்பாள். எடுத்தவுடனே, "எங்க, காட்டுங்கோ" என்பாள். அவள் கேட்பது அவன் முகத்தை அல்ல, சாடியில் நிற்கிற காடினியாச் செடியை.

வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற பக்கத்தில் ஒரு விடுதி இருக்கிறது. வெளிநாடு போவதற்கு முன்பு இசபெல் அங்கேதான் விரிப்புத் துவைக்கிற வேலை செய்தாள். அந்த விடுதி வாசலில் நின்ற காடினியாவின் வாசத்தில் அவள் மயங்கிப்போனாள். மல்லிகை வாசம் மூக்கோடு நின்றுவிடும், இது தொண்டைக்குள் இறங்கி இனிக்கும் என்று சொல்வாள். போகிற மாதத்தில் ஒரு கிளையை வெட்டித் தரக் கேட்டு வாங்கி வந்து, ஈர மணலில் குத்தி, மேலே ஒரு போத்தலைக் கவிழ்த்து வேர்விட வைத்தாள். பெட்டி கட்டுகிற நாளில் அதைச் சாடிக்கு மாற்றிவிட்டு, "இது பூக்கிற நேரம் நான் வந்து நிப்பன்" என்றாள். றோசாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கடினியா, கடினியா என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். "பேரிலேயே கடினம் கிடக்கு. இவன்ட கையில தப்புமா?" என்றும் கேட்டாள்.

தப்புவது கடினமாகத்தான் இருந்தது. யூட்டுக்குத் தென்னை தெரியும், முருங்கை தெரியும். இரண்டும் உப்புக் காற்றையும் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துக்கொண்டு தம் பாட்டில் வளரும். காடினியா அந்த இனம் இல்லை. அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை படியும். அந்தத் தண்ணீரைத்தான் அவன் செடிக்குக் காலையும் மாலையும் ஊற்றினான். போதாததற்கு, முதல் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்பைச் சாடிக்கும் அடித்தான். வெளியே மட்டும் அடித்திருந்தாலும் போயிருக்கும். கையோடு கையாக உள் விளிம்புக்கும் பூசிவிட்டான். சாடி மணப்பெண்ணைப் போல நின்றது, செடி மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆனது.

போனில் அதைப் பார்த்த இசபெல் தலையில் கை வைத்தாள். விடுதியில் தோட்டம் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த நோய் தெரியும். "இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, பாருங்கோ. மண்ணில சுண்ணாம்பு ஏறிட்டுது. இதுக்குப் புளிச்ச மண் வேணும். கிணத்துத் தண்ணி இனி ஒரு சொட்டும் காட்டக் கூடாது."

அவள் சொன்னதை எல்லாம் யூட் செய்தான். வாய்தான் வராதே தவிர, அவனுக்குக் கை வரும். எலுவன்குளத்துக்குப் பஸ் ஏறிப்போய், காட்டோரத்தில் வயல் செய்கிற இராசையாவிடம் ஒரு உரப்பை நிறைய இலை மக்கிய மண் வாங்கி வந்தான். தென்னந் தும்புத்தூளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அதோடு கலந்தான். பழைய மண்ணை உதறி, புதுச் சாடியில் செடியை நட்டான். கூரைத் தகரத்தின் கீழே பீப்பாய் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தான். மழை இல்லாத மாதங்களில் குடிக்க வாங்குகிற தண்ணீரிலேயே அதற்கும் பங்கு கொடுத்தான். தேத்தண்ணி வடித்த சாயச் சக்கையைக் காயவைத்து மண்ணில் போட்டான். எப்போதாவது ஒரு வாளித் தண்ணீருக்குள் புளிப்புக்குக் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு விட்டு ஊற்றினான். காலை வெயில் படவும் மத்தியான வெயில் படாமலும் வீட்டுக் கோடியில் ஒரு மூலை கண்டுபிடித்தான். இலைக்கடியில் பஞ்சுபோலப் பூச்சி பிடித்தபோது, சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தான். கட்டிய மனைவியின் தலையை ஒரு நாளும் தடவிவிடாதவன் செடிக்கு இலை இலையாகத் துடைக்கிறான் என்று றோசா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள். அது அவன் காதில் விழுந்தது. அவனுக்கு வலித்தது.

இரண்டாவது வருட மழைக்குப் பிறகு செடி கரும்பச்சையாகி, எண்ணெய் பூசினமாதிரி மினுங்கியது. தை மாதத்தில் நுனிகளில் மொட்டு வைத்தது. மொட்டுகளைக் கண்ட அன்று இசபெல் போனுக்குள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் இன்னொரு கதையும் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எனக்குப் பங்குனியோட ரெண்டு வருசம் முடியுது. மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லிக் கேக்கிறா. மாசி முடியிறதுக்குள்ள சொல்லோணும். விசாப் புதுப்பிக்க வேணுமாம்."

யூட், "ம்" என்றான்.

"நான் யோசிச்சுப் பாத்தன். ஒண்டும் ஓடேல்ல. தலவிலக் கோயில் அன்னம்மாட்ட நேந்து விட்டிட்டன். மாசிக்குள்ள காடினியா பூத்தா வீட்ட வாறன், முதல் பூவை அன்னம்மாவுக்கு வைக்கிறன். பூக்காட்டி இருந்திட்டு வாறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்த இடத்தில் எந்த மனிதனும் ஏதாவது சொல்லியிருப்பான். நெஞ்சுக்குள் யூட்டும் சொன்னான். வா, எனக்கு நீ இல்லாமல் ஏலாது, இரவில் கறிச்சட்டியை வைத்துக்கொண்டு தனியே இருக்கப் பிடிக்கவில்லை, வீடும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், வா. அத்தனையும் தொண்டை வரை வந்தது. வாயால் வந்தது, "பாப்பம்."

அவனிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. இசபெல் போனது அவர்கள் கட்டத் தொடங்கிய கல்வீட்டுக்காக. அதன் சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. மூலையில் ஆடு படுத்துக் கிடக்கிறது. தன் உழைப்பால் எழும்பாத சுவருக்காகப் போனவளை எந்த முகத்தோடு வா என்று சொல்வது? இன்னொன்றும் இருந்தது. கடலுக்குப் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டம். ஒருவன் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் போனால்கூட, கரையில் நிற்பவர்கள் வாயைத் திறக்காமல் சுற்றி ஓடி, முன்னால் போய் நின்றுதான் நீட்டுவார்கள். பிழைக்கப் போன ஆளைக் கூப்பிட்டால் போன காரியம் கெடும், ஆளுக்கும் கூடாது. யூட் அதைத் தாய்ப்பாலோடு குடித்தவன். கடலுக்குச் சொன்னதை விமானத்துக்கும் வைத்துக்கொண்டான். ஆக, கூப்பிடுகிற வேலையைச் செடி செய்யட்டும் என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு செடிக்கு நடந்த உபசாரம் சாதாரணமானதல்ல. பின்னேரமானால் அது தவறாமல் வீதிக்குப் போய் வந்தது. இசபெல் மொட்டுகளைப் பார்க்க வேண்டும், பார்த்தால் அவளுக்கு வருகிற எண்ணம் உறுதிப்படும் என்பது யூட்டின் கணக்கு. வேப்பமரத்தடியில் வைத்து, அவள் கேட்கிற பக்கமெல்லாம் சாடியைத் திருப்பினான். வாடைக் காற்று இலைகளைப் பிடித்து உலுக்கியது. கோல் முடிந்ததும் மறுபடி தூக்கி வந்து, இருட்டில் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று தெரியாமல் வைத்தான்.

மொட்டுகள் விழத் தொடங்கின. வெள்ளை எட்டிப்பார்க்கிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் காம்படியில் மஞ்சளாகி, விடிய எழும்பிப் பார்த்தால் மண்ணில் கிடந்தன. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். தண்ணீரைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். றோசா கண்ணூறு என்றாள். "ஊர் வீதியில கொண்டுபோய்க் காட்டினா விழாம என்ன செய்யும்?" என்று கேட்டு, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். ஒரு நாள் இசபெல் போனில் வெறும் நுனிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் விழுந்திட்டுதா? சரி" என்றாள். அந்தச் "சரி"யில் ஒரு மூச்சு இறங்கியது. யூட் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டும் சாடியைத் திருப்பி மற்றப் பக்கத்தைக் காட்டினான்.

மறுநாள் வேப்பமரத்தடியில் தனியே நின்றுகொண்டு, போனில் காடினியா மொட்டு ஏன் விழுகிறது என்று தேடினான். இந்தியாவில் எங்கேயோ மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் விளக்கினார். "மொட்டு வெச்ச பிறகு தொட்டிய இடம் மாத்தாதீங்க. திருப்பக்கூட வேண்டாம். வெளிச்சம் மாறினாலும் காத்து மாறினாலும் கோவிச்சுக்கிட்டு மொட்டக் கொட்டிடும்." யூட் அதை நிறுத்தித் திரும்பவும் போட்டுக் கேட்டான். சுண்ணாம்பு இல்லை, பூச்சி இல்லை, கண்ணூறும் இல்லை. காட்டிக் காட்டித் தானே கொன்றிருக்கிறான். அந்த இடத்திலேயே வீதிக்கல்லில் குந்திவிட்டான். பேதுரு சைக்கிளில் வந்து, "என்னடா, சுகமில்லையா?" என்று கேட்டபோது, தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து இலைகளை விலக்கிப் பார்த்தான். கீழ்க்கிளையில், இலைக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு சின்ன மொட்டு இருந்தது. காற்றுப் படாத பக்கம் என்பதால் தப்பியிருக்கிறது. யூட் சாடி அசையாமல் அதன் காலடியில் கல் வைத்து அண்டைகொடுத்தான். அதைச் சுற்றிப் பழைய வலையைக் கட்டி, கோழி கிட்ட வராமல் பண்ணினான். பூக்கிற வரைக்கும் செடியை அசைப்பதில்லை, யாருக்கும் காட்டுவதுமில்லை என்று முடிவெடுத்தான். பூத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் இசபெல் கோல் எடுத்தபோது அவன் வெறுங்கையோடு நின்றான்.

"எங்க, செடி?"

"கொண்டுவரேல்ல."

"ஏன்?"

"காத்து."

"எப்பிடி இருக்கு?"

"கிடக்கு."

கிடக்கு என்றால் அவனுக்கு நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். வள்ளம் எப்படி என்று கேட்டாலும் கிடக்கு என்பான், அக்காவின் காய்ச்சலைக் கேட்டாலும் கிடக்கு என்பான். பக்கத்தில் இருக்கும்போது இசபெலுக்கு அந்தச் சொல்லின் எல்லா நிறமும் தெரியும். கடல் கடந்து, உடைந்து உடைந்து வருகிற குரலில் அதே சொல்லைக் கேட்டால், செத்ததும் கிடக்கிறது, இருப்பதும் கிடக்கிறது. அவள் செடிக் கதையை அதோடு விட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாசி நகர்ந்தது. அவள் கேட்பதும் குறைந்தது. முன்பு செடி, மழை, றோசாவின் முழங்கால், பேதுருவின் மகள் என்று நீண்ட கதை, இப்போது சாப்பாட்டு விசாரிப்போடு முடிந்தது. ஒரு நாள், "மேடம் திரும்பவும் கேட்டா" என்றாள். யூட் கண்ணை மூடிக்கொண்டு மொட்டை நினைத்தான். காலையில்தான் பார்த்திருந்தான்; உள்ளே வெள்ளை சுருண்டு, பச்சைத் தோல் இறுகி நின்றது. இன்னும் கொஞ்சம் பொறு, இந்தா வருகிறது என்று மனதுக்குள் சொன்னான். வெளியில், "ஓம்" என்றான்.

வீதிப் பக்கம் வந்த றோசா இதைக் கேட்டுவிட்டு, அன்று வேலியில் நின்று இரண்டு வீட்டுக்கும் கேட்க ஏசினாள். "அழுத பிள்ளைதான்டா பால் குடிக்கும். அவளுக்கு ஒரு வசனம் சொல்லு. வா எண்டு சொல்லு. அதுக்கு என்ன வரியா கட்டுறாய்?"

"பூக்கட்டும் அக்கா" என்றான்.

"பூ வந்து வாய் திறந்து கதைக்குமா?"

"அவள்தான் சொன்னவள், பூத்தா வாறனெண்டு."

"பொம்பிளை சொல்லுறதை எல்லாம் சொன்னபடியே எடுத்தா விளங்கினமாதிரித்தான்" என்று றோசா சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சட்டிகளை இடித்து அடுக்கினாள். அவள் சொன்னது சரி என்று யூட்டுக்கு உள்ளே தெரிந்தது. தெரிந்துகொண்டே மொட்டுக்குத் தண்ணீர் ஊற்றினான். மனிதர்களில் இப்படியும் ஒரு சாதி உண்டு. மலையைக் கல்லிச் செடி நடச் சொன்னாலும் நடுவார்கள், ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னால் பயப்படுவார்கள்.

மாசி முடிவதற்குள் அது பூத்தது. யூட் தொழிலுக்குப் போய்த் திரும்பி, வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோடிப் பக்கம் வருகையில் வாசம் எதிரே வந்தது. அவள் சொன்னது மெய்தான், அது தொண்டைக்குள் இறங்கியது. வலையை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டுக் குனிந்தான். கீழ்க்கிளையில் ஒற்றைப் பூ, இதழ் மேல் இதழாக அடுக்கி, பால் வெள்ளையாக விரிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கறைகூட இல்லை. கைகள் மீன் நாற்றம் என்று தொடாமல் நின்றான். கழுவித் துடைத்துவிட்டு வந்து படம் எடுத்தான். அசைந்துவிட்டதென்று திரும்ப எடுத்தான். படத்தோடு ஏதாவது எழுதலாம் என்று நினைத்து, "பூத்திட்டு" என்று மட்டும் எழுதினான். வீதிக்கு ஓடிப்போய் அனுப்பினான். ஓடும்போது சிரித்தான் என்று பேதுரு பிறகு ஊரெல்லாம் சொன்னான்.

பின்னேரம் வரைக்கும் அவன் வேப்பமரத்தடியை விட்டு அசையவில்லை. றோசா சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். வழமையான நேரத்துக்குக் கோல் வந்தது. இசபெலின் முகம் தெரியவில்லை, கமெராவை மூடியிருந்தாள்.

"படம் பாத்தன்" என்றாள். "வடிவா இருக்கு."

"ஓம்."

"இப்பதான் பூத்ததா?"

"ஓம். விடிய."

அந்தப் பக்கத்தில் யாரோ அரபியில் பேசிக்கொண்டு கடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் தாழ்ந்து வந்தது. "நான் மேடத்துக்கு நேத்து ஓம் எண்டு சொல்லிட்டன். கையெழுத்தும் வைச்சாச்சு. பாஸ்போட்டும் குடுத்தாச்சு."

யூட்டுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, நின்றவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான். "நீ சொன்னியே. பூத்தா வாறனெண்டு சொன்னியே."

"செடி செத்திட்டுதெண்டு நினைச்சன். கேட்டா கிடக்கு எண்டீங்க. கொண்டுவந்து காட்டவும் மாட்டனெண்டீங்க. நான் என்னத்தை நினைக்கிறது?"

"அசைச்சா மொட்டு விழுமாம். அதுதான் காட்டேல்ல. நல்லாக் கிடக்கு எண்டுதான் சொன்னன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பூவை விடுங்கோ. நான் பூவுக்காகவா கேட்டன்? அன்னம்மாட்ட நேந்தன், செடி பூத்தா வாறன் எண்டு ஒரு கதையை விட்டா, நீங்க ஏசுவீங்க எண்டு பாத்தன். உனக்கென்ன விசரா, பூத்தா என்ன பூக்காட்டி என்ன, நீ வா எண்டு சொல்லுவீங்க எண்டு பாத்தன். அண்டைக்குப் போனைப் பிடிச்சுக்கொண்டு உங்கட வாயையே பாத்தன். பாப்பம் எண்டீங்க. பிறகும் ஒவ்வொரு நாளும் பாத்தன். உங்களுக்கு நான் இல்லாம சுகமாப் போகுது போல எண்டு நினைச்சன்."

"இல்ல" என்றான் யூட். அந்த ஒரு சொல் வெளியே வந்ததும் மற்றவை அதன் பின்னால் இடித்துக்கொண்டு வந்தன. "இல்ல இசபெல். எனக்கு நீ இல்லாம ஏலாது. வீடு கிடக்கட்டும். நீ வா."

அவள் அழுகையை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க?"

"வா எண்டன். வா இசபெல்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"வா."

வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யூட் மரத்தில் நெற்றியை முட்டக் கொடுத்துக்கொண்டு கண்ணீர் வழிய அதையே சொல்லிக்கொண்டு நின்றான். அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை, வாறன் என்றும் சொல்லவில்லை. இனி வர முடியாதவளிடம் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.